முழங்கால் வலிக்குப் பனடோல் மட்டும் போதாது

எங்கள் பாடசாலை லயங்களுக்கு மேலே இருக்கிறது. ஏறி வர எழுபத்திரண்டு படிகள். கடந்த தவணைப் பெற்றோர் கூட்டத்தன்று மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மார் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். அது வழமையானதுதான். கூட்டம் முடிந்து இறங்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பலர் நேராக இறங்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து, மறு காலையும் அதே படியில் சேர்த்து, சுவரைப் பிடித்தபடி இறங்கினார்கள். ஒரு அம்மா பின்பக்கமாகவே இறங்கினார். "இப்படி எறங்கினாத்தான் நோவு கம்மி டீச்சர்" என்றார், சிரித்துக்கொண்டே.

அடுத்த வாரம் சங்க விடயமாகக் கொழுந்து மடுவத்துக்குப் போனபோது, முழங்கால் நோவு உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டேன். தூக்காதவர்களை எண்ணுவதே இலகுவாக இருந்தது. வீட்டுக்கு வந்து எங்கள் தோட்டக் கமிட்டியின் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். சம்பளம், கிலோ, கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய், சேமலாப நிதி எல்லாம் இருக்கிறது. முழங்கால் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அந்தக் கமிட்டியில் நானும் இருக்கிறேன். ஆகவே இதை யார் மேலும் பழியாகச் சொல்லவில்லை.

நம் ஆட்கள் இந்த வலிக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள்: வாயு, குளிர், வயசு. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான், பொறுத்துக்கொள் என்பது. வைத்தியர்கள் இதில் பெரும்பாலானதை மூட்டுத் தேய்வு என்கிறார்கள். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு மெத்தைபோல இருக்கிறது. அது தேய்ந்து, மூட்டின் உள்சவ்வு அழற்சி கண்டு, எலும்பின் ஓரங்கள் தடித்து, வலி வருகிறது. வயது ஒரு காரணம்தான். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது கூடுதலாக வருகிறது. உடல் எடை, பழைய காயம், பரம்பரை ஆகியனவும் உண்டு. ஆனால் திரும்பத் திரும்பக் குந்துவது, முழங்காலில் நிற்பது, பாரம் சுமப்பது ஆகிய வேலைகளைச் செய்பவர்களுக்கு இது அதிகம் என்பதும் மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விடயம். நமது மலைகளில் யாரும் சமதரையில் கொழுந்து எடுப்பதில்லை. சரிவில் இறங்கும்போது முழங்காற் சில்லின் பின்பக்கம் விழும் அழுத்தம் சமதரையில் நடப்பதைவிடப் பல மடங்கு. வலி முதலில் இறக்கத்தில் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எடை கூடியவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிளினிக்கில் இதைச் சொல்லி "எடையைக் குறையுங்கள் அம்மா" என்பார்கள். நியாயமான ஆலோசனைதான். ஆனால் ஒல்லியான நம் பெண்களில் ஒருவர் முதுகில் பதினைந்து கிலோ கொழுந்தோடு ஈரச் சரிவில் இறங்கும்போது அந்த முழங்கால் என்ன சுமக்கிறது என்று அதே கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

இனி வைத்தியத்துக்கு வருவோம். என் மாணவன் ஒருவனின் தாய், வயது நாற்பத்தேழு, நகரத்திலுள்ள ஒரு தனியார் இடத்துக்குப் போனார். தோட்டை அடகு வைத்துத்தான் போனார். எக்ஸ்ரே எடுத்து, "தேய்ஞ்சிருச்சு, ஒருநாள் ஒபரேஷன்தான்" என்று சொல்லி, ஒரு மாதக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். அவர் வீட்டுக்கு வந்து அழுதது வலியால் அல்ல, ஒபரேஷன் என்ற சொல்லால். பிறகு அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில், இயன்மருத்துவரிடம், அதாவது பிசியோதெரபி செய்பவரிடம் அனுப்பப்பட்டார். மூன்று மாதம் கழித்து அதே படிகளில் சுவரைப் பிடிக்காமல் இறங்கினார். வலி முற்றாகப் போய்விடவில்லை. "இருக்கு, ஆனா நான்தான் அதுக்கு மேல" என்றார். எக்ஸ்ரேயை மறுபடி எடுத்தால் அதே தேய்வுதான் தெரியும். படத்தில் தெரியும் தேய்வும் ஆள் உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவருக்கு, நடந்தால் வலி, காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்காத இறுக்கம் என்று இருந்தால், படம் எடுக்காமலே வைத்தியர் இதை அடையாளம் காணலாம்.

அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலுக்கு அதிர்வு தாங்கி. வலிக்கிறதென்று காலைப் பயன்படுத்தாமல் விட்டால் அந்தத் தசை மெலியும். தசை மெலிந்தால் பாரம் முழுதும் மூட்டில் விழும், வலி கூடும், இன்னும் குறைவாக அசைப்போம். இந்தச் சுற்றை உடைப்பதுதான் சிகிச்சை. பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, அதை ஐந்து எண்ணும்வரை கீழே அழுத்தி விடவேண்டும், பத்துத் தடவை. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து, மற்றக் காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்கி ஐந்து எண்ணி இறக்கவேண்டும். பிறகு இஸ்தோப்பில் ஒரு கதிரையைப் போட்டு, கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காரவேண்டும். முடியாதவர் முதலில் கையை ஊன்றலாம். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயமில்லை. மறுநாள் மூட்டு வீங்கினாலோ வலி கூடி நின்றாலோ எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். நாலு நாளில் பலன் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். குளிசைக்குப் பழகிய நமக்கு இதுதான் கஷ்டமான பகுதி.

"நாள் பூரா மலையில ஏறி எறங்குறேன், அதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். களைத்த காலோடு பாரம் சுமந்து இறங்குவது மூட்டைச் சோதிக்கும். பாரமில்லாமல், மெதுவாக, குறிப்பிட்ட தசையை மட்டும் வேலை வாங்குவது அதைப் பலப்படுத்தும். ஒரே அசைவுபோலத் தெரிந்தாலும் பலன் வேறு.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்து மருந்துக் காம்பராவில் எதற்கும் கிடைப்பது பனடோல். மூட்டுத் தேய்வு வலிக்கு அதன் பலன் மிகக் குறைவு என்பது இன்று பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. ஒன்று கேட்கவில்லை என்று இரண்டு, மூன்று என ஏற்றிக்கொண்டு போவது ஈரலுக்குக் கேடு. முழங்காலுக்கு முதலில் முயலவேண்டியது டைக்குளோபெனாக் போன்ற பூசும் ஜெல். மூட்டில் பூசுவதால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் போவது குறைவு. அதே மருந்தைக் குளிசையாக விழுங்கும்போதுதான் ஆபத்து. பிரஷர், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய், குடற்புண் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. கடையில் "கால் நோவுக்கு ரெண்டு குளிசை தாங்க" என்று பெயர் தெரியாத கலர் குளிசைகளைத் தாளில் சுற்றி வாங்கும் பழக்கத்தை நாம் விட்டாகவேண்டும். யாரோ வீடு வீடாகக் கொண்டுவந்து விற்கும் பொடியும் அப்படித்தான். இரண்டே நாளில் அதிசயமாக வலி போய், சில மாதத்தில் முகம் ஊதினால், அதில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

தைலம் தேய்ப்பதும் சுடுதண்ணீர் ஒத்தடமும் சுகம் தரும், செய்யலாம். மூட்டில் போடும் ஸ்டீரொய்ட் ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கினால் பயன் உண்டு, ஊசியையே நம்பியிருந்தால் இல்லை. ஊன்றுகோல் பிடிப்பவர்கள் நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். வலது கால் என்றால் இடது கை. நம்மில் பலர் தலைகீழாகத்தான் பிடிக்கிறோம்.

ஒபரேஷன் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இவையெல்லாம் செய்தும் இரவில் தூங்க முடியாமல், நடக்க முடியாமல் இருப்பவர்களுக்கு மூட்டு மாற்றுச் சிகிச்சை நல்ல வழி. ஆனால் அது வரிசையின் கடைசியில் வரவேண்டியது. சில முழங்கால்கள் காத்திருக்கவும் கூடாது. மூட்டு சிவந்து சூடாகி வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால், மூட்டு பூட்டுப்போட்டதுபோல் மடங்காமல் நின்றால், கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால், அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து காலையில் நெடுநேரம் இறுகியிருந்தால் அது வேறு வகை வாதம். அதற்கு வேறு மருந்து.

இவ்வளவும் மலிவான வைத்தியம். ஒரு துவாய், ஒரு கதிரை, ஒரு ஜெல். அப்படியிருந்தும் ஏன் நம் பெண்களுக்குக் கிடைப்பதில்லை? விடை மருத்துவத்தில் இல்லை, செக்ரோலில் இருக்கிறது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். இயன்மருத்துவர் ஆறு தடவை வரச் சொன்னால் ஆறு பேர். பஸ் காசு வேறு. காலை இழுத்துக்கொண்டு மலைக்குப் போனாலும் கிலோ குறைந்தால் அரைப்பேர். ஆகவே குளிசையைப் போட்டுக்கொண்டு நிரையில் நிற்பதுதான் அவளுக்குக் கட்டுப்படியாகிறது. 2021 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஓய்வு வயதெல்லை 60 வரை உயர்த்தப்பட்டுள்ளது. அந்த வருடங்களையும் இதே முழங்காலோடுதான் கடக்கவேண்டும்.

"அடிப்படைச் சம்பளமே பெரிய போராட்டமாக இருக்கும்போது முழங்காலைப் பேசுவதா?" என்று நம் சங்கத்து அண்ணன்மார் சிலர் கேட்டார்கள். கிலோவைக் கொண்டு பேர் போடும் இடத்தில் முழங்கால்தான் சம்பளம். கூட்டிக் கேட்டு வாங்கும் தொகையை அரைப்பேராக இழந்தால் வென்றது என்ன?

நிர்வாகத்திடம் கேட்கவேண்டியவை பெரிய செலவுக்காரியங்கள் அல்ல. மலையிலிருந்து நிறுக்கும் இடத்துக்கு வரும் குறுக்குப் பாதைகளில் படி வெட்டி, வழுக்காமல் கல் பதிக்க வேண்டும். தராசை மலைக்கு அருகே கொண்டுவர வேண்டும், அல்லது மூட்டைகளை ஆள் சுமக்காமல் வண்டி வரும் இடத்தைக் கிட்டவாக்க வேண்டும். வைத்தியரின் கடிதத்தோடு வருபவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்குச் சரிவில்லாத வேலை, முழுப்பேரோடு. அரசாங்கத்திடம் கேட்கவேண்டியது, மாதத்துக்கு ஒரு தடவையாவது இயன்மருத்துவர் தோட்டத்துக்கே வருவது. எல்லோரும் நோவு என்று சொல்லி இலேசு வேலை கேட்பார்கள் என்று ஒரு துரை என்னிடம் சொன்னார். கடிதம் கொடுப்பது வைத்தியர், நாங்கள் அல்ல என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. கடிதத்துக்குப் பதிலும் இன்னும் வரவில்லை.

மலையில் விழுந்து முழங்கால் அடிபட்டால் அன்றே கங்காணியிடமும் கந்தோரிலும் சொல்லிப் பதிவு செய்யுங்கள், வைத்தியசாலைத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நேரும் விபத்துக்கு நட்டஈடு தருகிறது. ஆனால் "அப்ப விழுந்தது, இப்ப நோகுது" என்று இரண்டு வருடம் கழித்து வந்தால் சங்கத்தால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். ஆண்டாண்டாகத் தேயும் மூட்டுக்கு அந்தச் சட்டத்தில் வழி தேடுவது கடினம் என்பதால்தான் பாதையையும் தராசையும் இப்போதே பேசவேண்டும் என்கிறேன்.

எங்கள் டிவிசனில் ஞாயிறு பின்னேரம் மாதர் சங்கக் கூட்டத்தின் முதல் இருபது நிமிடத்தை இதற்கு ஒதுக்கியிருக்கிறோம். கிளினிக்கில் கற்றுவந்த அந்தத் தாய்தான் சொல்லிக்கொடுக்கிறார், பிள்ளைக்காம்பரா மண்டபத்தில். முதல் வாரம் ஒன்பது பேர், போன வாரம் இருபத்துமூன்று. வருபவர்கள் ஒரு துவாயும் பாயும் கொண்டுவரவேண்டும். கதிரை போதவில்லை, பாடசாலையிலிருந்து எட்டு இறக்கிக் கொடுத்திருக்கிறேன். அவற்றைச் சுமந்து இறக்கியது ஒன்பதாம் வகுப்புப் பையன்கள்.