பட்டறை மண்ணும் அரிப்புப் பெட்டியும்

தங்கத்தின் விலை சாமானியக் குடும்பங்களின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட இக்காலத்தில், அயல்நாட்டார் ஆற்றோரத்தில் ஒரு நீண்ட பெட்டியை வைத்து மணலை அரித்துப் பொன் துகள்களைப் பொறுக்கும் காட்சியைக் கைப்பேசியில் காணும் நம் இளைஞன் ஒருவனுக்கு, அத்தகைய பெட்டியைத் தானும் செய்து பார்த்தால் என்ன என்னும் ஆவல் எழுவது இயல்பே. அந்த ஆவலைக் கிள்ளியெறிய வேண்டும் என்பது என் அபிப்பிராயம் அன்று. தன் கையால் ஒரு கருவியைச் செய்து, அது இயங்குவதைக் கண்ணால் காணும் அநுபவத்துக்கு ஈடான கல்வி வேறில்லை. ஆனால் அவன் அப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய இடம் மலைநாட்டு ஆறு அன்று, கொழும்பு மாநகரத்தின் நகைப்பட்டறையே என்பதைத்தான் இங்கு வற்புறுத்த விரும்புகிறேன்.

அப்பெட்டியின் தத்துவம் நம் வீட்டுப் பெண்கள் அரிசியில் கல் அரிக்கும் தத்துவமேயாகும். அங்கே லேசானதைக் கொண்டு கனமானதைக் கழிக்கிறோம், இங்கே கனமானதைக் கொண்டு லேசானதைக் கழிக்கிறோம். பொன் நீரைப் போல் 19.3 மடங்கு கனமுடையது; சாதாரண மணல் 2.65 மடங்கே. நீருக்குள் இரண்டும் தத்தம் கனத்தில் ஒரு பங்கை இழப்பதால், ஒரே பருமனுள்ள பொன் துகள் மணல் துகளினும் ஏறத்தாழ 11 மடங்கு கனத்துடன் அடியில் தங்க முற்படுகிறது. மூன்றடி நீளமும் முக்காலடி அகலமும் உள்ள ஒரு பலகைத் தொட்டி, அதன் அடியில் வரிவரியான இறப்பர் மிதியடி, அதன்மேல் ஓடும் நீருக்குக் குறுக்கே வரிசையாகப் பொருத்திய சிறு சட்டங்கள், ஓரடிக்கு ஓரங்குலம் என்னும் அளவில் ஒரு சரிவு, இவ்வளவே அதன் அங்கங்கள். சட்டத்தைத் தாண்டி விழும் நீர் அதன் பின்புறத்தில் சுழல, அச்சுழலில் மணல் எழும்பிப் போக, பொன் தாழ்ந்து நிற்கும். நீர் மிஞ்சினால் பொன்னும் போய்விடும், குறைந்தால் மணல் இறுகிச் சட்டங்களை மூடிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தைக் கண்டுபிடிப்பதே செய்பவனின் சாமர்த்தியம்.

இப்பெட்டியை ஆற்றுக்குக் கொண்டு போகலாகாது என்பதற்கு முதற்காரணம் சட்டம். நம் நாட்டு மண்ணிலுள்ள கனிப்பொருள்கள் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரசின் உடைமை. அவற்றைத் தேடவும் அகழவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரண்டாவது காரணம் பலனின்மை. நம் ஆற்றுச் சரளைகளில் பொன் அற்பமான அளவில் ஆங்காங்கே காணப்பட்டதுண்டேயன்றி, வாணிபத்துக்கு ஏற்ற பொற்சுரங்கம் இந்நாட்டில் இல்லை. நாம் அணியும் பொன்னெல்லாம் வெளியிலிருந்து வந்ததே. மூன்றாவது காரணம், பொன்னாசையால் மனிதரும் மண்ணும் அடைந்த கதியை நம் இனத்தவரின் அயலிலேயே நாம் கண்டிருப்பது.

தமிழ்நாட்டு நீலகிரியின் மேற்குச் சரிவிலுள்ள தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் பழங்குடி மக்கள் மரத்தட்டுகளில் மண்ணைக் கழுவிப் பொன் எடுத்து வந்ததைக் கேள்வியுற்று, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் புரோ ஸ்மித் 1880 இல் அளித்த அறிக்கையையும் நம்பி, இலண்டனில் கம்பனிகள் பல திரட்டப்பட்டன. மலைக்குள் கிணறுகளும் சுரங்கங்களும் குடையப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அம்முயற்சி பெருநஷ்டத்தில் முடிந்தது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் பல அதே பிரதேசத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தன. கைவிடப்பட்ட அந்தக் குழிகளுக்குள் அனுமதியின்றி இறங்கிப் பொன் தேடிய ஏழைகள் மண் சரிந்து மாண்ட செய்திகள் அங்கிருந்து நம் காலத்திலும் வந்திருக்கின்றன. குழியில் உயிர் தப்பினாலும், பொன்னைத் திரட்டப் பாதரசம் சேர்த்துத் தீயிலிட்டு அதனை ஆவியாக்கும் வழக்கம், செய்பவன் நரம்புகளையும் சிறுநீரகங்களையும் தாக்கி, கருவிலிருக்கும் சிசுவையும் பாதிக்கிறது. உலக நாடுகள் 2013 இல் மினமாட்டா உடன்படிக்கையைச் செய்துகொண்டபோது, சிறு அளவிலான பொன் அகழ்வில் பாதரசத்தைக் குறைப்பதை அதன் கடமைகளுள் ஒன்றாக வைத்தமைக்கு இத்துயரமே காரணம்.

இனி நம் நகரத்துக்கு வருவோம். செட்டியார் தெருவிலும் அதை அடுத்த கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் நகை செய்யும் பத்தர் ஒருவர் அரத்தால் அராவும்போதும், வாளால் அறுக்கும்போதும், மெருகேற்றும்போதும் நுண்ணிய பொன் துகள்கள் தெறிக்கின்றன. பாயில் விழுகின்றன, உடையில் ஒட்டுகின்றன, கை கழுவும் நீரில் கரைந்தாற்போல் மறைகின்றன. விவேகமுள்ள பத்தர் பட்டறையைப் பெருக்கிய மண்ணையும் கை கழுவிய நீரையும் வீணாக்குவதில்லை. அம்மண்ணை விலைக்கு வாங்கி அரித்துப் பிழைக்கும் அரிப்புக்காரர்கள் தமிழகத்தில் தொன்றுதொட்டு உண்டு. வட இந்தியாவில் நியாரியா எனப்படுவோர் இதே தொழிலைச் செய்கின்றனர். கோயம்புத்தூரில் நகைப்பட்டறைத் தெருக்களின் சாக்கடைச் சேற்றையே அள்ளி அரிப்போர் இருக்கின்றனர். மணப்பெண்ணின் தந்தை நகைக்கடையில் கூலியோடு சேதாரத்துக்கும் பணம் கொடுக்கிறார். அந்தச் சேதாரத்தில் ஒரு பகுதியேனும் வாய்க்கால் வழியே கடலைச் சேருமாயின், அது ஒரு குடும்பத்தின் நஷ்டம் மட்டுமன்று, அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கிய தேசச் செல்வத்தின் நஷ்டமுமாகும்.

வீட்டில் செய்த அரிப்புப் பெட்டி இங்கேதான் பிரயோசனப்படுகிறது. பட்டறை மண்ணை முதலில் இரும்புச் சட்டியில் எரித்து, காகிதமும் மெழுகும் நூலும் சாம்பலாகிய பின் பொடித்து, சல்லடையில் சலித்து, காந்தத்தால் இரும்புத் தூளை நீக்கிவிட்டு, சிறிது சிறிதாகப் பெட்டியில் இட வேண்டும். மிக நுண்ணிய துகள் நீரின் மேற்பரப்பில் மிதந்து போகாதிருக்க ஓரிரு துளி சவர்க்கார நீர் போதும். இரண்டு வாளிகளும் சிறு மோட்டர் ஒன்றும் இருந்தால் அதே நீரையே மீண்டும் மீண்டும் சுற்றவிடலாம். இறுதியில் மிதியடியில் தங்கியதைத் தட்டில் கழுவி, வெண்காரம் இட்டு மூசையில் உருக்கினால் பொன் திரளும். பாதரசம் வேண்டா, திராவகமும் வேண்டா. மெருகேற்றும்போது எழும் தூளில் மிக மெல்லியது பெட்டியில் நில்லாது. அதற்குக் கை கழுவும் தொட்டியின் கீழ் வண்டல் படியும் கலம் ஒன்று வைப்பதே வழி. எரிக்கும் வேலையும் உருக்கும் வேலையும் திறந்த வெளியில் நடைபெறல் வேண்டும். பற்றவைப்பில் கட்மியம் கலந்திருந்தால் அதன் புகை கொடிய விஷமாதலால், தொடர்மாடி வீட்டின் சமையலறையில் அவற்றைச் செய்வது குழந்தைகளுக்கு இழைக்கும் துரோகமாகும்.

பட்டறையோடு தொடர்பில்லாத வெள்ளவத்தை மாணவனுக்கும் இப்பெட்டி பெரும் பயன் தரும். பித்தளை அரப்பொடியை நிறுத்து மணலோடு கலந்து, பெட்டியில் ஓடவிட்டு, எவ்வளவு மீண்டது என்று மறுபடி நிறுத்துப் பார்த்தால், சரிவும் ஓட்டமும் மாறும்போது பலன் எவ்வாறு மாறுகிறது என்பதைப் புத்தகம் கற்பிப்பதினும் தெளிவாக அவன் அறிவான்; பொன்னினும் பாதிக் கனம்கூட இல்லாத பித்தளையே தங்குமாயின், பொன் தங்குவதில் ஐயமில்லை என்றும் தேறுவான். இத்தகைய ஆராயும் நோக்குக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கொள்ளுப்பிட்டியில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலைஞானி என்று உலகம் அறியுமுன் இந்நாட்டுக் கனிப்பொருள் ஆய்வின் முதல் இயக்குநராக இருந்தவர். அக்காலத்தில், 1904 இல், சபரகமுவவின் மாணிக்கச் சரளையைக் கழுவும்போது எஞ்சிய கனத்த கருமணிகள் தோரியனைட்டு என்னும் புதிய கனிப்பொருளாக உலகுக்கு அறிமுகமாயின. அடியில் தங்குவதை அலட்சியம் செய்யாது நோக்கும் அந்த விஞ்ஞானக் கண்ணே நம் பிள்ளைகளுக்கு வேண்டியது.

ஆகையால், செட்டியார் தெரு நகை வர்த்தகர்களும், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையும், மாநகர சபையும் ஒன்றுகூடி, கொட்டாஞ்சேனையில் பட்டறைகளுக்குப் பொதுவான அரிப்புக்கூடம் ஒன்றை அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிறு பத்தர்கள் தம் பட்டறை மண்ணைக் கொண்டுவந்து தம் கண்முன்னே அரித்து எடுத்துச் செல்லவும், இளைஞர்கள் தாம் செய்த பெட்டிகளை அங்கே சோதித்துத் திருத்தவும் அது இடமளிக்கட்டும். அதற்கு வேண்டிய பலகையும் இறப்பரும் மலிவானவை. வேண்டிய அறிவோ நம் பத்தர்களிடம் ஏற்கெனவே உள்ளது. புதிய பொன்னுக்காக ஓர் ஆற்றைக் கலக்குவதினும், கைக்கு வந்த பொன்னைக் கைநழுவ விடாதிருப்பதே உழைத்து வாழும் சமூகத்துக்கு உரிய அறம்.