கழுதைகள் ஏன் ஓடவில்லை?

பிரேம்சந்தின் 'இரு காளைகளின் கதை', 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி என்சிஇஆர்டி வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு இந்திப் பாடநூலின் முதல் பாடம். கொண்டித்தொழுவில் அடைபட்ட ஹீராவும் மோதியும் சுவரை இடிக்க முனைகின்றன. ஹீராவைக் காவலாள் அடித்துக் கட்டிவிட, மோதி பாதிச் சுவரைத் தகர்த்துவிடுகிறது. குதிரைகள், ஆடுகள், எருமைகள் தப்பி ஓடுகின்றன. கழுதைகளோ நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மீண்டும் பிடிபட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் அவற்றுக்கு. அடிமை நாட்டில் எழுதப்பட்ட இக்கதையின் உயிர் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

ஆனால் வகுப்பறைத் தேர்வு பெரும்பாலும் கேட்பது வேறு: காளைகளின் உரிமையாளர் யார்? அவை யார் வீட்டுக்கு அனுப்பப்பட்டன? கதையைத் திறந்தும் பாராத மாணவர் வழிகாட்டி நூலைப் புரட்டி இவற்றுக்கு விடை எழுதிவிடலாம். தொழுவில் கால்நடைகளுக்கு ஏன் வருகைப் பதிவு எடுக்கப்பட்டது என்னும் அருமையான கேள்வியைப் பாடநூலே எழுப்புகிறது. அதற்கும் ஆயத்த விடை அச்சாகிவிட்டால், சிந்தனைக்கான கேள்வி மனப்பாடச் சுமையாகிவிடுகிறது.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. சுவரை இடித்தது குற்றமா என்று வகுப்பையே நீதிமன்றமாக்கி வழக்காடலாம். இரு தரப்பும் கதையிலிருந்தே சான்று காட்ட வேண்டும். ஓட மறுத்த கழுதையின் வாக்குமூலத்தை ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். விடை தெரியாத மூன்று கேள்விகளை மாணவரையே எழுப்பச் சொல்லலாம். புந்தேலியோ அவதியோ சந்தாலியோ பேசும் வீட்டுப் பிள்ளை, கதையைத் தன் தாய்மொழியில் திருப்பிச் சொல்லலாம். பாடநூலின் இந்தியே அயல்மொழியாக இருக்கும் மாணவருக்கு அதுவே நியாயமான மதிப்பீடு. இவற்றுக்குக் காசு செலவில்லை. கதையைப் படிக்காதவர் இவற்றில் ஒன்றையும் செய்ய இயலாது. படித்தார்களா என்று எப்படி அறிவது என்று வினவுவோருக்கு இதுவே விடை.

எனினும், நல்ல முறை மட்டும் போதாது என்பதை அண்மை வரலாறு காட்டுகிறது. 2009இல் சிபிஎஸ்இ பள்ளிகளின் உயர்நிலை வகுப்புகளில் தொடர்ச்சியான முழுமையான மதிப்பீடு அறிமுகமானது. ஆண்டுக்கு நான்கு வளரறி மதிப்பீடுகள், இரண்டு தொகுத்தறி மதிப்பீடுகள். நோக்கம் சரியானதே. ஆனால் நிரம்பி வழியும் வகுப்புகளில் ஆசிரியரின் நேரத்தைப் பதிவேடுகள் விழுங்கின. செயல்திட்டங்கள் கடையில் விலைக்கு வந்தன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் வண்ண அட்டைக்கு மதிப்பெண் கூடியது. 2017-18இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. முறைக்குத் தேவையான ஆசிரியர்களையும் நேரத்தையும் தராமல், முறையின் மீதே பழி போடப்பட்டது.

ஆகவே மாற்று மதிப்பீட்டுக்கான கோரிக்கையை ஆசிரியர் நியமனத்துக்கான கோரிக்கையிலிருந்து பிரிக்க முடியாது. அறுபது வாக்குமூலங்களைப் படித்துக் கருத்து எழுத, தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் அலைக்கழிக்கப்படும் ஆசிரியருக்கு ஏது நேரம்? மாதந்தோறும் வேலை நிலைக்குமா என்று அஞ்சும் ஒப்பந்த ஆசிரியர், ஆயத்த விடையை மீறிய மாணவரின் விடைக்குத் துணிந்து மதிப்பெண் போடுவாரா? நிரந்தரப் பணி, சிறிய வகுப்பு, புத்தகங்கள் உள்ள நூலகம், கேள்வியை ஆண்டுதோறும் மாற்றி அமைக்க ஆசிரியருக்குச் சுதந்திரம் ஆகிய நான்கும் அமைந்தால்தான் எந்த மாற்று முறையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பயன்படும்.

ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இக்கோரிக்கைகளை ஒருசேர முன்வைக்க வேண்டிய தருணம் இது. இலக்கிய வகுப்பு என்பது பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளும் பயிற்சி அன்று. சுவர் உடைந்த பின்னும் சிலர் ஏன் நகர மறுக்கிறார்கள் என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை கேட்கத் தொடங்கும் இடம் அது. அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை, கட்டணம் செலுத்த வல்லவர்களுக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது.