தோட்டக் காவலுக்குக் காமிரா: பெட்டியின் கணக்கைப் பார்த்து வாங்குக

கிணற்று மோட்டாரின் தாமிரக் கேபிளை அறுத்துச் செல்வது, பட்டியில் அடைத்த ஆட்டை இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிவிடுவது போன்ற களவுகளுக்கு அஞ்சி, தோட்டத்தில் காமிரா வைக்கும் வழக்கம் சிறு விவசாயிகளிடையேயும் பரவி வருகிறது. நான்கு காமிரா, ஒரு பெட்டி, கைபேசியில் பார்க்கும் வசதி என்று மொத்தமாக விலை பேசி மாட்டிக் கொள்கிறார்கள். விவசாயி எண்ணிப் பார்ப்பது காமிராவைத்தான். களவு போன பின் கைகொடுக்க வேண்டியது பெட்டி. அதைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

இப்பெட்டியில் இரண்டு வகை உண்டு. டி.வி.ஆர். என்பது பழைய வகை; காமிரா அனுப்பும் படத்தைத் தானே சுருக்கிப் பதிந்துகொள்ளும். என்.வி.ஆர். என்பதற்குக் காமிராவே படத்தைச் சுருக்கி, கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலைக் கேபிள் வழியே அனுப்புகிறது. படமும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகும் 'பி.ஓ.இ.' வசதியுள்ள பெட்டியானால் காமிராவுக்குத் தனி மின் இணைப்பு இழுக்க வேண்டியதில்லை. பதிவு செய்ய இன்டர்நெட்டும் வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து கைபேசியில் பார்ப்பதற்குத்தான் அது தேவை. இதை விற்பவர்கள் விளக்கிச் சொல்வதில்லை.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு காமிரா விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் படம் அனுப்பினால், ஒரு நாளுக்குச் சுமார் 43 ஜி.பி. சேரும். நான்கு காமிராவுக்கு 172 ஜி.பி. பெட்டியில் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஆறு நாள்கூட முழுதாக வராது. டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். கோடையில் கிணறு வற்றி மோட்டார் ஓடாமல் கிடக்கும்போது கேபிள் களவு போனால், அது தெரிய வரப் பத்துப் பதினைந்து நாளாகலாம். அதற்குள் திருடன் வந்த இரவு அழிந்து போயிருக்கும். எச்.265 என்ற முறையில் சுருக்கும் காமிராவை வைத்து, அளவை விநாடிக்கு 2 மெகாபிட்டாகக் குறைத்து, 2 டி.பி. டிஸ்க் போட்டால் 23 நாள் வரை நிற்கும். நான்காவது காமிராவுக்குத் தரும் பணத்தை டிஸ்க்குக்குத் தருவது மேல். டிஸ்க்கும் கண்காணிப்புப் பதிவுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கான டிஸ்க் இரவு பகலாக ஓயாமல் எழுதுவதற்கு ஏற்றதன்று.

அடுத்தது மின்சாரம். பெட்டி, டிஸ்க், நான்கு காமிரா எல்லாம் சேர்ந்து இரவில் ஏறக்குறைய 40 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஒரு யூனிட் கணக்கு. செலவு பெரிதல்ல, ஆனால் மின்வெட்டில் பெட்டி அணைந்துவிடும். களவாளிக்கும் அது வசதியான நேரம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதி வரை மட்டும் இறக்கினால் 600 வாட்-மணி கிடைக்கும். இன்வெர்ட்டரின் இழப்புப் போக ஓர் இரவைத் தாண்டலாம். சாதாரணக் கம்ப்யூட்டர் யு.பி.எஸ். இதற்குப் போதாது.

வலைக் கேபிள் 100 மீட்டர் வரைதான் நம்பகமாக வேலை செய்யும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் 300 மீட்டர் இருந்தால் கம்பியில்லா இணைப்புக் கருவியோ கண்ணாடி இழைக் கேபிளோ வேண்டும். இரண்டும் கூடுதல் செலவு. அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய மலிவுக் கேபிளில் நீளம் கூடக் கூட மின்னழுத்தம் இறங்கிவிடும். வயல் வெளியில் இழுத்த கேபிள் இடி மின்னலையும் பெட்டிக்குள் அழைத்து வரும். மின்னல் தடுப்பும் நல்ல எர்த்தும் அவசியம். எலி கடிக்காமல் குழாய்க்குள் விடுவதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி முகம் தெரியும் விஷயம். 2 மெகாபிக்சல் காமிராவில் 2.8 மி.மீ. லென்ஸ் இருந்தால் தோட்டம் முழுவதும் அகலமாகத் தெரியும். கடையில் பார்க்க அழகாயிருக்கும். ஆனால் முன்பின் தெரியாத ஆளை அடையாளம் சொல்லும் அளவுக்கு முகம் தெரிய, அவன் மூன்று மீட்டர் தொலைவுக்குள் வர வேண்டும். 6 மி.மீ. லென்ஸில் ஏழெட்டு மீட்டர் வரை கிடைக்கும். ஆகவே வயலைப் பார்த்து வைப்பதைவிட, ஆள் நுழையும் வண்டிப்பாதையையும் படலையும் பார்த்து வைப்பதே பயன் தரும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றடியையும் வேலைக்கு வரும் பெண்கள் இளைப்பாறும் இடத்தையும் காமிரா பார்க்கவே கூடாது. களவைத் தடுக்கப் போய் பகையை வாங்குவதாக முடியும்.

ஒரே கிணறு, ஒரே மோட்டார் உள்ள இரண்டு ஏக்கர்க்காரருக்கு இத்தனை ஏற்பாடும் தேவையா? தேவையில்லை என்பதே சரியான பதில். சூரிய மின் தகடும் சிம் கார்டும் உள்ள ஒற்றைக் காமிரா அவருக்குப் போதும். அதைப் பிடுங்கிச் சென்றால் உள்ளே இருக்கும் மெமரி கார்டும் போய்விடும் என்பது குறைதான்; ஆள் வந்ததும் கைபேசிக்குச் செய்தி வரும்படி வைத்துக்கொண்டால் அக்குறை பாதி தீரும். மாட்டுக் கொட்டகை, கோழிப் பண்ணை, வீடு எல்லாம் அடுத்தடுத்து இருப்பவருக்கே பெட்டி கட்டுபடியாகும். கடன் வாங்கி வைக்கத்தக்க பொருளன்று இது.

பெட்டியை மோட்டார் ரூமில் வைப்பதைப் போன்ற தவறு வேறில்லை. மோட்டாரைக் கழற்றுகிறவன் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போவான். வீட்டுக்குள் காற்றோட்டமான பூட்டிய அலமாரியே அதற்கு இடம். மாட்டியவர் வைத்துவிட்டுப் போன ரகசியச் சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும். 2016இல் 'மிராய்' என்ற தீய நிரல் உலகெங்கும் எண்ணற்ற காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது, மாற்றாமல் விட்ட ரகசியச் சொற்களால்தான்.

பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று மாதம் ஒரு முறை பார்ப்பது நல்லது. தேதி தவறிய பதிவு வழக்கில் சிக்கலாகும். களவு தெரிந்ததும் அந்தப் பகுதியை உடனே பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். பெட்டியிலுள்ள மூலப் பதிவும் அழியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, இத்தகைய நகலை நீதிமன்றத்தில் சான்றாகத் தருவதற்கு உரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். அதன் ஒரு பகுதியைப் பதிவைத் தருபவரும், மற்றப் பகுதியை நிபுணரும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும்.