படத்தில் தெரியாத வலி



உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். விடிலியில் அனலெதிரே குனிந்திருந்து அதைக் காய்ச்சும் தாய்மாரின் இடுப்பைப் பற்றி எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

அத்தகைய தாய் ஒருவரை நாம் அறிவோம். நான்கு ஆண்டுகளாக இடுப்பிலே வலி. மருத்துவர் மூவரைக் கண்டாயிற்று. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எலும்பில் ஒன்றுமில்லை, மனக்கவலைதான்" என்று அனுப்பிவிட்டார்கள். "வேலை வந்தால் அம்மாவுக்கு வலியும் வந்துவிடும்" என்று வீட்டிலே மகன் நகைத்தாராம். அன்று முதல் அத்தாய் வலியென்று சொல்வதை நிறுத்திக்கொண்டார். வலி நிற்கவில்லை.

எலும்பு முறிவைக் காட்டும் படம் வலியைக் காட்டுவதில்லை. காயம் ஆறிய பின்னரும் நரம்புகள் அடங்காமல், சிறு அசைவையும் பெரும் வேதனையாக உணரச் செய்வதுண்டு. மனக்கவலை வலியை மிகுவிக்கும் என்பது மெய்யே. அதனால் வலி பொய்யாகிவிடுமா? அனைத்துலக வலி ஆய்வுக் கழகம், 1979-இல் தான் வெளியிட்ட வரையறையை 2020-இல் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் கூறுவதை மதிக்கவேண்டும் என்று அதனுடன் சேர்த்துக்கொண்டது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் தனி இடம் உண்டு.

நம்மவரிடம் இன்னொரு வழக்கம் இருக்கிறது. "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள்" என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். வலியைத் தணிக்கும் மருந்தை ஏற்பதில் தவறில்லை என்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1957-லேயே மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்தினார் என்பதை மறந்துவிடுகிறோம். (ஒப்புக்கொடுக்கச் சொல்கிறவருக்குப் பெரும்பாலும் வலி இருப்பதில்லை!)

கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் வலி தணிப்புக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு தேடிச் சென்று, நோயாளியருகே அமர்ந்து கேட்பது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. நம் பங்குகளில் மரியாயின் சேனையார் செல்லாத நோயாளி வீடு உண்டா? ஜெபமாலை முடிந்தபின் இன்னும் கால்மணி நேரம் அமரலாமே.

அத்தாயின் வீட்டில் அப்படியொரு சகோதரி அமர்ந்து கேட்டார். எந்த வேலையில், எந்நேரம், எவ்வளவு நேரம் வலிக்கிறது என்பதைப் பேத்தி பள்ளி நோட்டொன்றில் நாள்தோறும் எழுதி வந்தாள். சென்ற மாதம் மகனே தாயை அழைத்துச் சென்றார். புதிய மருத்துவர் அந்த நோட்டை இருமுறை படித்தார். பின்பு படத்தை உறையிலிட்டு ஓரமாக வைத்துவிட்டு, "நீங்கள் சொல்லுங்கள் அம்மா" என்றார்.