முதலில் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 மார்ச் 16 அன்று, நாடக அரங்குகளுக்குப் போகாதீர்கள் என்று பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் மக்களைக் கேட்டுக்கொண்டார். அன்று மாலையே லண்டனின் நாடக அரங்குப் பகுதியான வெஸ்ட் எண்ட் மூடியது. டிக்கெட் வாங்கியவர்கள் முன் பல அரங்குகள் மூன்று வழிகளை வைத்தன: தொகையை நன்கொடையாக விட்டுவிடலாம், வேறொரு நாடகத்துக்கு வரவு வைக்கலாம், திரும்பப் பெறலாம். நன்கொடையை முன்னால் நிறுத்துவது எனக்கு ஏற்பில்லை. நடக்காத காட்சிக்குக் கொடுத்த பணம் பார்வையாளருடையது. வேலை போன வீட்டில் அது அந்த மாத வாடகைக்கு வேண்டியிருக்கும். எல்லோரும் கேட்டால் அரங்கு திவாலாகிவிடுமே என்பார்கள். நியாயமான பயம்தான், ஒப்பந்தத்தில் வேலை செய்த நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் வருமானமின்றித் தவித்தார்கள். ஆனால் அது அரசு சுமக்க வேண்டிய பாரம். கலை, பண்பாட்டுத் துறைக்கென்று ஜூலையில் அறிவித்த 157 கோடி பவுண்டை அரசு மார்ச்சிலேயே அறிவித்திருக்கலாம்.