துரை இடுப்பில் இருந்தால் தற்காப்பு

கிள்ளானில் என் தங்கையின் கைப்பையை மோட்டாரில் வந்த இரண்டு பேர் பறித்துக்கொண்டு போனார்கள். காலை ஏழரை மணி, சொந்த வீட்டு கேட்டுக்கு முன்னால். பையின் வார் தோளில் மாட்டியிருந்ததால் அவளும் பத்தடி தூரம் தாரில் இழுபட்டாள். முழங்கையில் பதினொரு தையல். ஐ.சி., வங்கி அட்டைகள், பையனுடைய பள்ளிக் கட்டணம் எல்லாம் போயிற்று. பாலாயில் புகார் கொடுத்துவிட்டு வெளியே வர மூன்று மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மச்சான், உங்களுக்கு நாலு பேரைத் தெரியும். ஒரு பிஸ்தல் லைசென்ஸ் எடுக்க என்ன செலவாகும்னு கேட்டுச் சொல்லுங்க. இவ பையில ஒண்ணு, என் இடுப்புல ஒண்ணு."

அவர் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ரத்தம் வழிய நின்ற மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். ஆனால் இதே பேச்சை இப்போது மாமாக் கடையில் கேட்கிறேன், கோயில் கூட்டத்தில் கேட்கிறேன், சாவு வீட்டில் கேட்கிறேன். சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் பிறகு தேநீர் நேரத்தில், நான்கு நூல்கள் எழுதிய ஒருவர், ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லாத சமூகத்துக்குத் தன்மானம் வராது என்று பேசினார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை பேசினால் அது வலி. எழுத்தாளர் பேசினால் அது கருத்து. கருத்துக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலில் சின்ன விஷயம். பை பறிப்பவன் முன்னால் வந்து நின்று "பணத்தைக் கொடு" என்று கேட்பதில்லை. பின்னாலிருந்து வருகிறான், இரண்டு விநாடியில் முடிந்துவிடுகிறது. அவன் பறிப்பதே பையைத்தான். பைக்குள் மறைத்து வைத்த பிஸ்தலும் பையோடுதான் போகும். நாம் நம் பணத்தில் வாங்கி, நம் பெயரில் லைசென்ஸ் எடுத்து, அவனுக்கு ஒரு ஆயுதம் பரிசளித்திருப்போம். மறுநாள் அதே பிஸ்தலோடு அவன் இன்னொரு தாமானுக்குள் நுழைவான். இதை மாப்பிள்ளையிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப இடுப்புல வச்சுக்கலாம்" என்றார்.

சரி, இடுப்புக்கே வருவோம். இந்த நாட்டில் யார் இடுப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டபின் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து தோட்டத்துத் துரைமார் துப்பாக்கியோடுதான் நடமாடினார்கள். இடுப்பில் பிஸ்தல், காரில் இன்னொன்று, பங்களாவைச் சுற்றி முள்வேலி, வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். அதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. அதன் பெயர் தற்காப்பு. அதே தோட்டத்தில், அதே சட்ட விதிகளின் கீழ், அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவனுக்குத் தூக்கு.

எஸ். ஏ. கணபதியின் கதை நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் அவர். 1949 மார்ச் மாதத் தொடக்கத்தில் ரவாங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அருகில் கைத்துப்பாக்கியோடும் தோட்டாக்களோடும் பிடிபட்டார். அது கண்டெடுத்த துப்பாக்கி, ஒப்படைக்கத்தான் கொண்டு போனேன் என்பது அவர் தரப்பு என்று சொல்லப்பட்டு வருகிறது. அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இரண்டே வாரத்தில் மரண தண்டனை. இந்திய அரசாங்கம் தலையிட்டுப் பார்த்தது, பலனில்லை. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் யாரையாவது சுட்டார் என்று குற்றச்சாட்டு இல்லை. வைத்திருந்தார், அவ்வளவுதான். (புடு சிறை இருந்த இடத்தில் இப்போது பேரங்காடி நிற்கிறது. நம் பிள்ளைகள் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.)

அதே காலத்தில் ஜொகூரில் பிடிபட்ட சம்பாசிவம் என்ற இன்னொரு தமிழரின் வழக்கு உண்டு. துப்பாக்கி ஏந்தியதாக ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் வைத்திருந்ததாக இன்னொன்று. தோட்டாக் குற்றச்சாட்டில் விடுதலை செய்துவிட்டு, துப்பாக்கிக் குற்றச்சாட்டை மட்டும் மறுபடி விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950-இல் தண்டனை ரத்தானது. ஒருமுறை விடுதலை செய்த விஷயத்தைக் குற்றவாளிக்கு எதிராக மறுபடி கொண்டுவர முடியாது என்று அங்கே சொன்னதை இன்றும் பல நாட்டு நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டுகின்றன. சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் அந்தப் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். அவர் ஒரு தமிழர் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் தெரியவில்லை.

பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். சட்டத்தின் அந்த முகம் பெரிதாக மாறவில்லை என்பதற்காகத்தான். 1960-இன் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது. 1971-இன் துப்பாக்கிக் குற்றங்கள் சட்டம் அதற்கு மேல் ஏறி நிற்கிறது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. கொள்ளை, கடத்தல் போன்ற குற்றத்தில் சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும் மரண தண்டனை என்றிருந்தது. கூட நின்றவனுக்கும் அதுவே. 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டபின் இப்போது மரணம், அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறை. துப்பாக்கி கூட வேண்டாம். காரணம் சொல்ல முடியாமல் பாராங்கோடு பொது இடத்தில் பிடிபட்டாலே ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும் பிரம்படியும். மாப்பிள்ளையின் கார் சீட்டுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்களில் பலருடைய காரிலும் கிடக்கிறது.

ஆனால் லைசென்ஸ் என்ற கதவு திறந்தும் இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம்தான். முடிவு மட்டும் அந்தந்த மாநிலத் தலைமைப் போலீஸ் அதிகாரியின் கையில். யார் யார் எந்தக் காரணத்துக்காக வாங்கினார்கள் என்று பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு பட்டியலை நான் கண்டதில்லை. கண்டதெல்லாம் கல்யாண மண்டபத்தில் கோட்டு விலகும்போது தெரிகிற உறையைத்தான். அந்த உறைக்கு மேலே பெரும்பாலும் ஒரு 'டத்தோ' இருக்கும். பங்சாரில் இருக்கும் டத்தோவின் உயிருக்கு ஆபத்து என்றால் அது காரணம். கிள்ளானில் லோரி ஓட்டுகிறவரின் மனைவி தாரில் இழுபட்டால் அது ஒரு புகார் எண். நம் எழுத்தாளர் கேட்கும் உரிமை கிடைத்தாலும் அது யாருக்குப் போகும் என்பதை இப்போதே எழுதித் தரலாம்.

டத்தோவையாவது அது காப்பாற்றுகிறதா? 2016 டிசம்பர் 1 அன்று பினாங்கில் ஒரு டத்தோவை அவருடைய சொந்த மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். பிறகு நெடுஞ்சாலையில் நின்று கண்ணில் பட்டவர்களையும் சுட்டார். 2013 அக்டோபரில் சுபாங் ஜெயா யு.எஸ்.ஜே.-யில் ஒரு வங்கி அதிகாரி செத்தது வெளியிலிருந்து வந்த கொள்ளையனால் அல்ல. வங்கியைக் காக்கத் துப்பாக்கி கொடுத்து நிறுத்திய செக்குரிட்டியால். அவர் காட்டியிருந்த அடையாள அட்டையே போலி என்று பிறகு தெரிந்தது. காசு வாங்கிக் காவல் நிற்கிறவரின் துப்பாக்கி பற்றிய கதையே இப்படி என்றால், தூக்கம் கெட்ட ஒரு தகப்பனின் தலையணைக்கு அடியில் இருப்பது பற்றி என்ன சொல்வது? நம் வீடுகளில் குடிக்குப் பிறகு நடக்கும் சண்டைகள் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இப்போது அங்கே பறப்பது நாற்காலி.

"அமெரிக்காவுல குடுக்கிறானே" என்பார்கள். எந்த அமெரிக்காவில்? வெர்மான்ட் மாநிலத்தில் மறைத்து எடுத்துச் செல்ல அனுமதியே கேட்பதில்லை. டெக்சாஸில் 2021 முதல் 21 வயதானவர்களுக்குத் தேவையில்லை. நியூயார்க்கில் நூறு ஆண்டுக்கு மேல் தக்க காரணம் காட்டினால்தான் கிடைத்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. ஒரு மாநிலத்தில் உரிமை, எல்லைக்கோட்டைத் தாண்டினால் குற்றம். 2013-இல் பென்சில்வேனியாவில் முறைப்படி உரிமம் பெற்ற ஒரு கறுப்பினத் தாய் நியூ ஜெர்சிக்குள் காரோட்டி வந்தார். நிறுத்திய போலீஸ்காரரிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். கைது, சிறை, குறைந்தது மூன்று ஆண்டு தண்டனை என்ற மிரட்டல். 2015-இல் ஆளுநர் மன்னிப்பு அளித்துத்தான் அந்த விவகாரம் முடிந்தது.

அவர் உயிரோடாவது இருக்கிறார். மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில், பள்ளி உணவகத்தில் வேலை பார்த்தவர். அவரிடமும் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் இருந்தது. 2016 ஜூலை 6 அன்று காரை நிறுத்திய போலீஸ்காரரிடம் மரியாதையாக, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிவித்தார். சில விநாடிகளில் சுடப்பட்டார். பக்கத்தில் காதலி, பின் சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. சுட்டவரை மறு ஆண்டு நீதிமன்றம் விடுவித்தது. காஸ்டில் கறுப்பர். அவருடைய லைசென்ஸ் பர்ஸில் இருந்தது. போலீஸ்காரர் பார்த்தது முகத்தை.

இப்போது பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்புவோம். ராத்திரி பதினொரு மணி, ஜாலான் துன் சம்பந்தன், சாலைத் தடுப்பு. காரில் நான்கு தமிழ்ப் பையன்கள், ஒருவன் இடுப்பில் சட்டப்படி வாங்கிய பிஸ்தல். அவன் சட்டையைத் தூக்கி லைசென்ஸை எடுக்கப் போகிறான். மிச்சத்தை நான் எழுதவேண்டுமா?

2013-இல் உள்துறை அமைச்சு குண்டர் கும்பல் கணக்கை வெளியிட்டது. நாற்பதாயிரத்துச் சொச்சம் பேரில் 28 ஆயிரத்துக்கு மேல் இந்தியர்கள் என்றார்கள். அந்த ஆகஸ்டில் பினாங்கு சுங்கை நிபோங்கில் ஐந்து இந்திய இளைஞர்கள் போலீஸால் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்கள்தான் முதலில் சுட்டார்கள் என்றது போலீஸ். அக்டோபரில் அப்போதைய உள்துறை அமைச்சர் ஜாஹிட் ஹமிடி மலாக்காவில் பேசிய பேச்சில் அந்த இந்தியர் கணக்கைக் குறிப்பிட்டு, முதலில் சுடுவதே நல்லது என்ற பொருளில் சொன்னதாகச் செய்திகள் வந்தன. நாடே பேசியது, பிறகு மறந்தது. 2010-இல் ஷா ஆலமில் 14 வயது அமினுல்ரஷிட் சுடப்பட்டபோதும் காரில் பாராங் இருந்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பையனுக்கே இந்தப் பாராங் கதை ஒட்டப்பட்டது என்றால், நிஜமான பிஸ்தலை நாமே இடுப்பில் செருகிக்கொண்டு போவது எதற்காக?

கசப்பான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் மத்தியில் மறைத்து வைத்த துப்பாக்கி ஏற்கெனவே இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் இருக்கிறது. அதை வைத்திருப்பவன் யார் என்று தாமானில் எல்லாருக்கும் தெரியும். அவன் கொடுக்கும் பணத்தில் திருவிழா நடக்கிறது, அவனைப் பார்த்து "தலைவரே" என்கிறோம். அவன் துப்பாக்கியால் செத்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். தன்மானத்துக்கு ஆயுதம் வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. பதினேழு வயதில் கும்பலில் சேருகிற பையனிடமும் இதையேதான் சொல்லிச் சேர்க்கிறார்கள், என்ன, தமிழ் கொஞ்சம் கொச்சையாக இருக்கும்.

தற்காப்பு வேண்டாமா என்றால், அந்த உரிமை நமக்கு இப்போதே இருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகளை வாசியுங்கள். மெக்காலே இந்தியாவுக்கு எழுதி இங்கே இறக்குமதியானது. உயிர் போகும் என்ற நியாயமான பயத்தில் திருப்பித் தாக்கி எதிராளி இறந்தாலும் அது குற்றமில்லை. தேவைக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவே. இந்த உரிமையைப் பற்றி எந்தக் கோயில் மண்டபத்திலாவது ஒரு வழக்கறிஞரை வைத்துக் கூட்டம் போட்டிருக்கிறோமா?

கேட்கவேண்டியதை விட்டுவிட்டு பிஸ்தலைக் கேட்கிறோம். போலீஸை விசாரிக்க அதிகாரமுள்ள சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது 2005-இல். 2023 ஜூலையில் கடைசியாக நமக்குக் கிடைத்தது தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஒன்று. அதற்காக நம் சங்கங்கள் எத்தனை பேர் வீதிக்கு வந்தோம்? போலீஸ் சூட்டில் இறக்கும் ஒவ்வொரு உயிருக்கும் மரண விசாரணை வேண்டும். தற்காப்பு என்று சொல்லி வாங்கிய லைசென்ஸ்கள் எத்தனை, எந்த மாநிலத்தில், என்ன காரணத்துக்கு என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். என்னைக் கேட்டால், டத்தோக்களின் உறைகளையும் கழற்றச் சொல்வேன். துரைகள் போய் எழுபது ஆண்டு ஆகப்போகிறது.

மாப்பிள்ளை இன்னும் முழுக்கச் சமாதானமாகவில்லை. "நீங்க எழுதுவீங்க மச்சான், நாளைக்கு அவ வேலைக்குப் போகணுமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காலையில் அவரே கேட்டுக்கு வெளியே வந்து, அவள் கார் திரும்பும் வரை நிற்கிறார். பையை அவள் தோளில் மாட்டுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனபோது கார் சீட்டுக்கு அடியில் பார்த்தேன். பாராங் அங்கே இல்லை. கொல்லையில் தங்கை இளநீர் வெட்டிக்கொண்டிருந்தாள், இடது கையால்.