காரின் ஒலிபெருக்கி கருகுவது ஏன்?

தீபாவளிக்கு மட்டாஞ்சேரியிலிருந்து வாளையார் வழியாக ஊருக்குப் புறப்பட்ட என் காரில், பாலக்காடு வருமுன்னரே இடக்கதவின் ஒலிபெருக்கி ஊமையாயிற்று. பழுது பார்ப்பவர் அதைப் பிரித்துக் காட்டினார். உள்ளிருந்த செப்புச் சுருள் கரிந்து கிடந்தது. கதவு திறந்து மூடும் இடத்தில் வயரின் உறை தேய்ந்து, கம்பி காரின் இரும்பு உடம்பில் உரசியதே காரணம்.

இவ்வளவு சிறிய உரசலுக்கா இத்தனை கேடு என்று அன்பர்கள் வினவலாம். இக்காலத்துக் கார் ஒலிக்கருவிகளில், ஒலிபெருக்கிக்குச் செல்லும் இரு கம்பிகளிலும் மின்கல அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதி, அதாவது 6 அல்லது 7 வோல்ட், எப்போதும் நிற்கும். இரண்டும் சமமாதலால் சுருளில் மின்சாரம் பாய்வதில்லை. ஒரு கம்பி காரின் உடம்பைத் தொட்டதும் அச்சமநிலை கெடுகிறது. 4 ஓம் சுருளில் ஒன்றரை ஆம்பியர் அளவுக்கு ஒரே திசையில் ஓயாமல் பாய்கிறது. காகிதக் கூம்பு ஒருபக்கமாகத் தள்ளப்பட்டு நிற்க, சுருள் சூடேறிக் கருகுகிறது. நல்ல கருவி தானே அடங்கிவிடும், மலிவானவற்றை நம்புதற்கில்லை. ஒரு கம்பியைக் காரின் உடம்பிலேயே இணைத்துவிடும் பழைய வழக்கம் அக்காலத்து ரேடியோவுக்குப் பொருந்தியது. இன்று ஆகாது.

நிற்க. பெட்டியின் மேல் 50 வாட் என்று அச்சிட்டிருப்பினும், இடைவிடாது அது தரவல்லது 15 முதல் 20 வாட் வரையே. அதற்கு மேல் திருகினால் ஒலியலையின் உச்சி வெட்டுண்டு கரகரக்கும். டிவீட்டரின் மெல்லிய சுருளே முதற்பலி. கரகரப்புக் கேட்டதும் ஒலியைக் குறைத்துவிடுக.

தனி ஆம்ப்ளிபயர் வைப்போர், மின்கலத்திலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் அமைத்தல் வேண்டும். அது காப்பது ஒலிபெருக்கியை அன்று. அங்கிருந்து செல்லும் தடித்த கம்பி தீப்பற்றாமல் காரையும் அதிலுள்ள பிள்ளைகளையும் காக்கிறது. எரிந்த பியூஸில் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவோரை நானே கண்டிருக்கிறேன். அவர்கள் காரில் நான் ஏறுவதில்லை.

நமது உப்புக் காற்றில் முறுக்கிவிட்ட கம்பிகள் விரைவில் பச்சை பூக்கும். ஈயம் வைத்துப் பற்றி, உறையிட்டு மூடுவது நலம். இடவப்பாதி மழைக்கு முன் ஒருமுறை கம்பிகளைக் கருவியிலிருந்து கழற்றி, மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையைக் காரின் உடம்பிலும் வைத்து, கதவை மெல்லத் திறந்து மூடிப் பார்க்கவும். எந்நிலையிலும் தொடர்பு காட்டலாகாது. இரு கம்பிகளுக்கும் இடையே 3 முதல் 4 ஓம் காட்டினால் சுருள் பிழைத்திருக்கிறது.